சாமிப் பாட்டுத்தானே என்று போட்டுவிடாதீர்கள்

மறதி நோய் வந்த முதியவர்களுக்குப் பாட்டுப் போட வீடுகளுக்குப் போகிறவர்கள் நாங்கள். போன மாதம் எங்களோடு புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தியைக் கோண்டாவிலில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கைபேசியை மேசையில் வைத்தாள், யூடியூபில் 'பக்திப் பாடல்கள், 5 மணிநேரம்' என்பதைத் தட்டினாள், விறாந்தைக்குப் போய் வீட்டாரோடு கதைக்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 12 வருடத்துக்கு முன் நானும் இதையேதான் செய்தேன்.

அன்பாகப் பேச வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுங்கள். தெரியாமல் செய்கிற பிழைகளைச் சொல்கிறேன்.

பாட்டைப் போட்டுவிட்டு எழும்பிப் போவது

மறதி நோய் முற்றிய ஓர் ஆச்சி. ஊர்ப் பேச்சில் சொன்னால், அறளை பெயர்ந்தவர். சின்ன வயதில் மார்கழி விடியலில் சங்கும் சேமக்கலமுமாகத் திருவெம்பாவை பாடிப் போகிறவர்களோடு தானும் தெருவில் போனவராம், மகள் சொன்னார். சரி என்று, முழுத் திருவாசகப் பதிவு ஒன்றில் திருவெம்பாவையிலிருந்து ஓடவிட்டேன். இரண்டாம் பாட்டிலேயே ஆச்சி சேர்ந்து பாடினார். மகளின் பெயர் வராத வாயில் அடி பிசகாமல் பாட்டு வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. குசினிக்குப் போனேன், தேத்தண்ணி குடித்தேன், கதை நீண்டுபோனது.

திருவெம்பாவை திருவாசகத்தில் 7ஆவது. 8ஆவது திருவம்மானை. 9ஆவது திருப்பொற்சுண்ணம். அந்தப் பாட்டில் துக்கம் ஒன்றுமில்லை. இறைவன் நீராடப் பொற்சுண்ணம் என்கிற வாசனைப் பொடி இடிக்கிற பெண்கள் பாடுவது. ஆனால் யாழ்ப்பாணத்துச் சைவர் அதைக் கேட்டுப் பழகியது செத்தவீட்டில், உரலில் சுண்ணம் இடிக்கும்போது.

நான் திரும்பி வர, கதிரையில் ஆச்சி இல்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

"ஆரடி பிள்ளை மோசம் போனது?"

"ஒருத்தரும் இல்லை ஆச்சி."

"அப்ப அவர் எங்கை?"

மகள், பாவம், உள்ளதைச் சொல்லிவிட்டார். "அப்பா செத்து மூண்டு வருசம், அம்மா." ஆச்சி அதை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார்.

அரை மணிக்குள் பாட்டும் மறந்தது, கேள்வியும் மறந்தது. அழுகை மட்டும் நிற்கவில்லை. ஏன் அழுகிறேன் என்று தெரியாமலே இரவு வரை அழுதார், சோற்றைத் தள்ளிவிட்டார். இந்த நோயில் நடந்தது மறந்தாலும் அது கிளப்பிவிட்ட உணர்ச்சி தங்கிவிடும். நல்ல பாட்டால் வரும் சந்தோசமும் அப்படித்தான் தங்குகிறது, அதை நம்பித்தானே இந்த வேலையைச் செய்கிறோம்.

இன்றைக்கும் எரிச்சல் வருவது, "சாமிப் பாட்டுத்தானே, என்ன பிழை?" என்று கேட்கும்போதுதான். கனடாவிலிருந்து மகன் அனுப்பிய தொகுப்பில் என்னென்ன இருக்கிறது என்று மகனுக்கே தெரியாது. கத்தோலிக்க வீடுகளில் அடக்கப் பூசைப் பாட்டுகள் இதே வேலையைக் காட்டும். பாட்டுகளைத் தனித்தனியாக இறக்கி வையுங்கள். தானாக அடுத்ததுக்குத் தாவுகிற வசதியை நிறுத்துங்கள். பிடித்த பாட்டு எது என்று கேட்பதற்கு முதல், போடக் கூடாத பாட்டு எது என்று வீட்டாரிடம் கேளுங்கள். அப்புறம் எதிரே இருந்து கையைப் பாருங்கள். விரல் தாளம் போட்டால் ஓடட்டும். தலைப்பைத் திருகத் தொடங்கினால் நிறுத்துங்கள்.

வயதானவர் என்றாலே தேவாரம்

10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் கேட்டதுதான் ஆழமாக நிற்கும். 1945இல் பிறந்தவருக்கு அது இலங்கை வானொலிக் காலம். கணக்குப் பார்த்துப் போடுங்கள். இணுவில் அப்பு ஒருவர் தேவாரத்துக்குக் கண்ணே திறக்கவில்லை. தவில் போட்டேன், கதிரைக் கையில் சுண்டுவிரல் எழும்பியது. அவர் தவில்காரர் இல்லை, கோயில் வீதியில் மணலில் இருந்து விடிய விடிய மேளக்கச்சேரி கேட்டவர்.

"இந்தப் பாட்டு ஞாபகம் இருக்கா?"

கேட்காதீர்கள். அது சோதனை வைப்பது.

சத்தத்தைக் கூட்டுவது

முதலில் ரிவியை நிறுத்துங்கள்.

ரீமிக்ஸ்

வேண்டாம்.

நாள் முழுக்க ஓடவிடுவது

20 நிமிடம் போதும். குளிக்கவார்க்க முதல் போட்டால் கிணற்றடிச் சண்டை குறையும். சாப்பாட்டு நேரத்தில் போடாதீர்கள். வாயில் சோறோடு பாடத் தொடங்கிவிடுவார்கள், புரைக்கேறும்.