கெரிஸைப் பளபளக்க வைக்காதீர்கள்

கறுத்துப்போன பழைய கெரிஸ் (மலாய், ஜாவா மக்களின் குத்துவாள்) கையில் கிடைத்ததும் பலரும் உப்புத்தாளைத் தேடுவார்கள். நானும் தேடினேன். அரை மணி நேரத்தில் அது எவர்சில்வர் கரண்டிபோல மின்னியது. அதன் பாமோரைக் காணவில்லை.

பாமோர் என்பது கத்தியின் முகத்தில் மரவரிபோல ஓடும் வெண்கோடுகள். சாதா இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி அடித்து, நடுவில் எஃகு வைத்துச் செய்வார்கள். கடைசியில் எலுமிச்சைச் சாற்றில் கரைத்த பாஷாணத்தைப் பூசினால் சாதா இரும்பு கறுக்கும், நிக்கல் இரும்பு வெளுப்பாகவே நிற்கும். நாம் அழுக்கு என்று தேய்ப்பது அந்தக் கறுப்பைத்தான். கறுப்பைத் திரும்ப ஏற்றலாம். தேய்ந்துபோன அடுக்கு வராது.

துரு இருந்தால் எலுமிச்சைச் சாறு தடவி, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, ஈரம் துளிகூட இல்லாமல் துடையுங்கள். ராத்திரி முழுக்கச் சாற்றில் ஊறப்போட்டால் இரும்பையே அரித்துவிடும். பாஷாணம் பூசுவது வீட்டு வேலையே இல்லை. அது ஆர்செனிக், அதற்கென்று இருக்கிறவரிடம் கொடுங்கள். அப்புறம் எண்ணெய்: சந்தன எண்ணெய் லேசாகப் போதும். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகச் சிக்கு வாடையடித்துப் பிசுபிசுக்கும்.

உறையில் போடும்போதும் கவனம் வேண்டும். கத்தியின் அடிப்பாகம் ஒரு பக்கம் மட்டும் நீண்டிருக்கும், உறையின் வாயும் அதற்கேற்பவே குடையப்பட்டிருக்கும். அடியில் குறுக்காகப் பொருத்திய துண்டின் பெயர் கஞ்சா (ஆமாம், அதே உச்சரிப்புதான்). திருப்பிச் செருகி அழுத்தினால் அது முட்டி, சம்பிர் எனப்படும் படகு வடிவ உறைவாய் பிளந்துவிடும்.

பிடி ஆடுகிறதா? எபாக்சி ஊற்றி ஒட்டாதீர்கள். பல பிடிகள், கத்தியிலிருந்து பிடிக்குள் போகும் காம்பில் சுற்றிய துணியின் இறுக்கத்தில்தான் நிற்கின்றன; துணியை மாற்றினாலே போதும். பிடியே உடைந்திருந்தால், கடையில் கிடைத்ததை மாட்டுவதும் தப்பு. மலேசியாவின் கிளந்தான், தென் தாய்லாந்தின் பட்டாணி ஊர்ப் பக்கத்துத் தாஜோங் என்ற வகைக் கெரிஸுக்கு மீன்கொத்தியின் பெயர் கொண்ட, நீண்ட மூக்குள்ள பெக்காக்கா பிடிதான். அதில் ஜாவாப் பிடியைப் பொருத்தினால் வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்ட மாதிரி இருக்கும்.

வாங்கும்போது இன்னொன்று. "விண்கல் இரும்பு" என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். ஜாவாவின் சூரகார்த்தா அரண்மனையில் உள்ள பிரம்பானான் விண்கல்லிலிருந்து கெரிஸ்கள் செய்தது உண்மை. ஆனால் பாமோருக்கான நிக்கல் இரும்பு இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் உள்ள லூவுவிலிருந்தும் வந்தது, கோடுகளைக் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

கத்தியில் அலைபோன்ற வளைவு இல்லை என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம். நேரான கெரிஸும் கெரிஸ்தான். வளைவு உள்ளதில் எண்ணிக்கை ஒற்றைப்படையில்தான் வரும். இரட்டைப்படை வந்தால் திரும்ப எண்ணுங்கள். அப்போதும் இரட்டைப்படைதான் என்றால், நுனி உடைந்து யாரோ அரம் போட்டுக் கூராக்கியிருக்கலாம்.