வேறு வேலையிலிருந்து இங்கிலாந்தில் ஆசிரியராகிறீர்களா? சம்பள விஷயத்தில் இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஐடி, வங்கி, ஆய்வகம் என்று பத்துப் பதினைந்து வருடம் உழைத்துவிட்டு இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக மாறுகிற நம்மவர்கள் பலர், நேற்றுக் கல்லூரி முடித்து வந்தவருக்குக் கொடுக்கும் அதே எம்1 (ஆசிரியர் ஊதிய வரம்பின் முதல் படி) சம்பளத்தை ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொள்கிறார்கள். "புதுசா வர்றவங்களுக்கு எம்1தான், சட்டமே அப்படித்தான்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதை நம்புவதுதான் முதல் தவறு.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கல்வித்துறை வருடாவருடம் வெளியிடும் ஆசிரியர் ஊதிய ஆவணம் கட்டாயமாக்குவது ஊதிய வரம்பின் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும்தான், இடையில் உள்ள புள்ளிகள், அதாவது சம்பளப் படிகள், வெறும் வழிகாட்டுதல். 2025-26இல் லண்டனுக்கும் அதை ஒட்டிய பகுதிகளுக்கும் வெளியே எம்1 என்றால் வருடத்துக்கு 32,916 பவுண்டு, எம்3 என்றால் 37,101, எம்6 என்றால் 45,352. புதியவரை இதில் எங்கே வைப்பது என்பது பள்ளியின் முடிவு. அதே சமயம், பழைய வேலைக்குக் கணக்குப் பார்த்துப் புள்ளி கொடுத்தே ஆகவேண்டும் என்றும் எந்த விதியும் இல்லை, அதனால் தானாக நடக்கும் என்று காத்திருப்பதும் தவறுதான்.

விண்ணப்பிக்கும் முன்பே பள்ளியின் ஊதியக் கொள்கையைத் தேடிப் படியுங்கள். இணையதளத்தில் இல்லையென்றால் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். தொடர்புள்ள வேலையில் இத்தனை வருடத்துக்கு ஒரு புள்ளி என்று சில பள்ளிகள் எழுதியே வைத்திருக்கும், சில தலைமையாசிரியரின் விருப்பத்துக்கு விட்டிருக்கும், சில வாயே திறக்காது. கொள்கையில் இல்லையென்றால் கேட்கக்கூடாது என்று அர்த்தமில்லை. அகாடமி பள்ளி (அரசு நிதியில், உள்ளாட்சியின் கீழ் இல்லாமல் இயங்குவது) என்றால் சொந்த ஊதிய அளவு வைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இருப்பதிலேயே பெரிய தவறு, கேட்க வேண்டிய நேரத்தைத் தவறவிடுவது. நேர்காணல் முடியும்போது "வேலை கொடுத்தால் ஏற்றுக்கொள்வீர்களா?" என்று கேட்பார்கள். அன்று மாலையே, சில சமயம் நீங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள், தலைமையாசிரியர் போன் செய்வார், சந்தோஷத்தில் நாமும் சரி சொல்லிவிடுவோம், பள்ளி வட்டாரத்தில் அந்த வாய்வார்த்தைக்கே ஒப்பந்தத்தின் கனம் உண்டு. அதற்கப்புறம் சம்பளம் பேசப் போனால் பள்ளி இறங்கி வரவேண்டிய அவசியமே இல்லை. ஆகவே நேர்காணலில் அந்தக் கேள்வி வரும்போதே, "கட்டாயம் வருகிறேன், ஆனால் என் முந்தைய அனுபவத்துக்கு எந்தப் புள்ளி கொடுப்பீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். போனிலும் அதையே, சரி சொல்வதற்கு முன்னால். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, நம் ஆட்கள்தான் பணத்தைப் பற்றிப் பேசினால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்குகிறார்கள்.

அப்புறம், வருடக் கணக்கை மட்டும் சொல்வது. "பதினான்கு வருடம் மென்பொருள் துறையில் இருந்தேன்" என்பதால் பள்ளிக்கு என்ன லாபம்? புதிதாகச் சேர்ந்த பட்டதாரிகளுக்குப் பைத்தான் கற்றுக்கொடுத்தது, ஜிசிஎஸ்இ (பதினாறு வயதில் எழுதும் தேர்வு) கணினி அறிவியலில் வரும் தரவுத்தளமும் நெட்வொர்க்கும் உங்களுக்கு அன்றாட வேலையாக இருந்தது, இப்படி வகுப்பறையோடு நேராக ஒட்டுகிறவற்றை எழுதுங்கள். வேதியியல் ஆய்வகத்தில் இருந்தவர் என்றால் பாதுகாப்பு மதிப்பீடு தயாரித்த அனுபவம் தங்கம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வகுப்பு எடுத்ததை "அது சும்மா தொண்டுதானே" என்று விட்டுவிடுகிறார்கள், பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவத்தை விடவே விடாதீர்கள்.

சொன்னதற்குக் காகிதமும் வேண்டும். சென்னையிலோ கொழும்பிலோ வேலை பார்த்த கம்பெனியின் அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி மூன்றும் தெளிவாக இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். குழந்தைப் பாதுகாப்புச் சோதனைக்காக வேலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை எப்படியும் விசாரிப்பார்கள், ஒரே வேலையாக முடித்துவிடலாம்.

"முதல்ல சேருங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், நியமனக் கடிதத்தில் புள்ளியும் வருடச் சம்பளமும் எழுத்தில் வராமல் பழைய வேலையை விடாதீர்கள். இன்னொரு பள்ளிக்கு மாறும்போதும் கவனம் தேவை, பழைய பள்ளி கொடுத்த புள்ளியைப் புதிய பள்ளி மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் 2013இலேயே போய்விட்டது. முழுப் பேச்சும் மறுபடி முதலிலிருந்து.

பள்ளியை மேற்பார்வை செய்யும் ஆளுநர் குழுவில் இருப்பவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். கேட்டவருக்கு மட்டும் கொடுத்து, அதே அனுபவத்தோடு வந்து கேட்காமல் இருந்தவரை எம்1இல் விடுவது அநியாயம். கேட்காதவர்கள் பெண்களாகவும் குடியேறியவர்களாகவுமே இருந்துவிட்டால், அது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் கீழ் வழக்காகவும் ஆகலாம். அனுபவத்துக்கு எவ்வளவு என்பதைக் கொள்கையில் எழுதி வையுங்கள், எல்லோருக்கும் ஒரே அளவுகோல்.

ஏற்கெனவே எம்1இல் சேர்ந்துவிட்டவர்கள், அடுத்த ஊதிய மறுஆய்வுக்கு முன்னால் சான்றிதழ்களை இணைத்து எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மேல்முறையீட்டு வழி அதே ஊதியக் கொள்கையிலேயே இருக்கும். என்இயூவோ என்ஏஎஸ்யூடபிள்யூடியோ, ஏதாவது ஒரு ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அதன் பிரதிநிதியையும் கூட அழைத்துப் போங்கள்.