பழைய டாஸ் விளையாட்டுகளை பிரவுசரிலேயே ஆடலாம்

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா நினைவிருக்கிறதா? கால் வைத்ததும் ஆடும் தரைக்கல், இளவரசியை மீட்க வெறும் 60 நிமிடம். 1989இல் வந்த அந்த விளையாட்டுக்கு இப்போது பிளாப்பி தேவையில்லை. இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தின் எம்எஸ்-டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய கணினி இயங்குதளம்) விளையாட்டுப் பகுதியில் பெயரைத் தேடி, படத்தின் மேலுள்ள பவர் பட்டனை அழுத்துங்கள். பழைய டாஸ் கணினியைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் பிரவுசருக்குள்ளேயே ஓடும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஆனால் கீபோர்டு வேண்டும், போனில் சரிப்படாது.

பள்ளத்தின் விளிம்பில் ஷிஃப்டை அழுத்தியபடி அம்புக்குறியைத் தட்டினால் இளவரசன் அடிமேல் அடிவைத்து நகர்வான். இது தெரியாமல் நான் முள்ளில் செருகிச் செத்ததற்குக் கணக்கே இல்லை. அப்புறம், டேபை மூடினால் அதுவரை ஆடியது போய்விடலாம்.

டவுன்லோடு செய்தே ஆட வேண்டுமா? 1994இன் பினீத் எ ஸ்டீல் ஸ்கை விளையாட்டு, 2003 முதல் சட்டப்படியே இலவசம். பழைய விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் ஸ்கம்விஎம் என்ற மென்பொருளின் தளத்தில் கிடைக்கிறது.