மெயிலில் கலர் வேண்டாம், எழுத்து போதும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நண்பர் ஒருவர், பாமினி எழுத்துருவில் அடித்த விண்ணப்பத்தைத் தடித்த எழுத்து, கலர் எல்லாவற்றோடும் அப்படியே ஜிமெயிலில் ஒட்டி புதுச்சேரிக்கு அனுப்பினார். அங்கே திறந்தவருக்குத் தெரிந்ததெல்லாம் புரியாத ஆங்கில எழுத்துகள், ஏனென்றால் பாமினி அந்தக் கணினியிலும் இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். பாவம், ஒரு நாள் வீண்.

முதலில் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள். அப்புறம் கன்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டினால் பழைய வடிவமைப்பு கூடவே வராது. கணினியில் ஜிமெயிலில் எழுதும்போது கீழே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'ப்ளெயின் டெக்ஸ்ட் மோட்' (கலர், தடிப்பு இல்லாமல் வெறும் எழுத்து மட்டும் போகும் முறை) இருக்கிறது, விண்ணப்பத்துக்கு அதுவே சரி. இணைப்புக் கோப்புகள் வழக்கம்போல் போகும். அட்டவணை கட்டாயம் வேண்டுமென்றால் பிடிஎஃப் ஆக்கி இணைத்துவிடுங்கள்.