தோலுக்கடியில் வைத்த சுகர் சென்சார் சரியாகக் காட்ட என்ன செய்ய வேண்டும்?

மேல்கையில் தோலுக்கடியில் வைக்கும் எவர்சென்ஸ் மாதிரியான சென்சார் தப்பாகக் காட்டுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, கடைசியாக கேலிப்ரேஷன் (விரலைக் குத்தி குளுக்கோமீட்டரில் பார்த்த எண்ணை சென்சாருக்குக் கொடுத்துச் சரிசெய்வது) போட்டபோது சுகர் ஏறிக்கொண்டிருந்ததா, இறங்கிக்கொண்டிருந்ததா, நிலையாக இருந்ததா என்பதுதான். உள்ளே இருக்கும் கருவியை நாம் தொட முடியாது, அதற்குக் கொடுக்கும் எண் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

சென்சார் அளப்பது ரத்தத்தை இல்லை, செல்களுக்கு நடுவே இருக்கும் திரவத்தில் உள்ள குளுக்கோஸை. ரத்தத்தில் ஏறிய சுகர் அங்கே தெரிய 5 முதல் 10 நிமிடம் போல ஆகும். சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் விரலைக் குத்திப் பார்க்கிறீர்கள், குளுக்கோமீட்டரில் 190, சென்சாரில் 160. நிமிடத்துக்கு 3 மி.கி. வீதம் ஏறிக்கொண்டிருந்தால் பத்து நிமிடத் தாமதத்துக்கே 30 வந்துவிடுகிறது, அதாவது இரண்டுமே சரியாகத்தான் சொல்கின்றன. ஆனால் அந்த 190-ஐ கேலிப்ரேஷனாகப் போட்டுவிட்டால், தான் குறைத்துக் காட்டுகிறோம் என்று எடுத்துக்கொண்டு சென்சார் அதற்கப்புறம் கூட்டிக் காட்ட ஆரம்பிக்கும். ராத்திரி நிஜத்தில் 65-க்கு இறங்கும்போது திரையில் 80 என்று நின்றால் அலாரம் அடிக்காது. எனக்குப் பயமே இதில்தான்.

அதனால் காலையில் எழுந்ததும் சாப்பிடுவதற்கு முன்னால் போடுங்கள், அல்லது சாப்பிட்டு, இன்சுலின் போட்டு மூன்று மணி நேரமாவது போகட்டும். திரையில் சுகர் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி படுக்கையாக இருக்க வேண்டும், அதற்கு முந்தைய கால் மணி நேரக் கோடும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். சாய்வாக இருந்தால் அவசரப்படாமல் கொஞ்சம் காத்திருங்கள்.

அடுத்தது அந்த ஒரு சொட்டு ரத்தம். பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மீட்டர் எண்ணை ஏகத்துக்கும் ஏற்றிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் மட்டும் அது போய்விடாது, சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துப்போய் எண் குறையும். ஸ்ட்ரிப் காலாவதி ஆகியிருக்கக் கூடாது, டப்பா மூடியும் திறந்து கிடக்கக் கூடாது. குளுக்கோமீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197-படி 100-க்கு மேல் போனால் மீட்டரே 15 சதவீதம் முன்னே பின்னே காட்டலாம், அதாவது நிஜமான 200 என்பது 170 ஆகவும் வரும், 230 ஆகவும் வரும். எண் நம்பும்படி இல்லையென்றால் கையைக் கழுவி இன்னொரு முறை குத்திப் பாருங்கள், சந்தேகமான எண்ணைப் போட வேண்டாம். நம்பும்படி வந்த எண்ணை உடனே போட்டுவிடுங்கள்.

கேலிப்ரேஷன் எத்தனை தடவை என்பது மாடலைப் பொறுத்தது. 180 நாள் ஓடும் எவர்சென்ஸ் ஈ3-க்கு முதல் 21 நாள் தினம் இரண்டு, அப்புறம் பெரும்பாலும் தினம் ஒன்று. 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எவர்சென்ஸ் 365-க்கு முதல் 13 நாள் தினம் ஒன்று, அப்புறம் வாரம் ஒன்று. வாரம் ஒன்றுதான் என்றால் அந்த ஒன்றை எவ்வளவு கவனமாகப் போட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

மருந்துகளையும் மறக்காதீர்கள். டாக்ஸிசைக்ளின் போன்ற டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக் எடுத்தால் இந்த சென்சார் சுகரைக் குறைத்துக் காட்டலாம், ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக மேனிடால் என்ற மருந்தை ஏற்றினால் கூட்டிக் காட்டலாம். மருந்து எழுதும் டாக்டரிடம் சென்சார் இருப்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். மேலே ஒட்டும் டிரான்ஸ்மிட்டர் விலகினால் எண் வருவதே நின்றுவிடும், உள்ளே இருக்கும் சென்சாருக்கு பேட்டரி கிடையாது, மின்சாரம் டிரான்ஸ்மிட்டரிலிருந்துதான் போகிறது.

இத்தனையும் செய்தும் பெரிய வித்தியாசம் இருந்தால், சுகர் நிலையாக இருக்கும் நேரத்தில் மட்டும் ஒரு வாரம் இரண்டு எண்ணையும் மணியோடு எழுதி, சென்சார் வைத்த டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை, உடம்பு படபடத்து வியர்க்கும்போது திரை என்ன சொன்னாலும் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.