அஜிலிட்டியா ஒபீடியன்ஸா? உங்க நாய்கிட்டயே கேளுங்க

நாய் போட்டில இறங்க ஆசையா இருக்கு, ஆனா அஜிலிட்டி (தடைங்கள தாண்டி ஓடுறது), ஒபீடியன்ஸ் (சொன்னத கேட்டு செய்றது) ரெண்டுல எதுல ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னு நிறைய பேர் சொல்றாங்க. அத உங்க நாய்தான் முடிவு பண்ணணும்னு நான் சொல்லுவேன். வீடியோல பார்டர் கோலி பறக்குறத பாத்துட்டு அஜிலிட்டிதான்னு நீங்க மனசுல முடிவு பண்ணி வச்சிருக்கலாம், ஆனா உங்க வீட்டு லேப்ரடாருக்கு குதிக்கிறதவிட எதையாச்சும் கவ்விட்டு வந்து உங்க கைல குடுக்குறதுதான் சந்தோஷம்னா அதுக்கான இடம் ஒபீடியன்ஸ் ரிங்தான் (போட்டி நடக்குற களம்).

அஜிலிட்டி 1978ல இங்கிலாந்துல க்ரஃப்ட்ஸ்ங்கற பெரிய நாய் ஷோவுல, இடைவேளைல ஜனங்களுக்கு பொழுது போகணும்னு குதிரைங்க தடை தாண்டுற ஜம்பிங் போட்டி மாதிரி நாய்ங்கள வச்சு செஞ்சு காட்டுனதுல ஆரம்பிச்சது. ஜம்ப், டனல், சீசா (ஏறி இறங்குற பலகை), ஏ-ஃப்ரேம் (கூரை மாதிரி ரெண்டு பக்கமும் சாய்வான பலகை), வீவ் போல் (வளைஞ்சு வளைஞ்சு ஓட வேண்டிய கம்பு வரிசை) எல்லாத்தையும் ஜட்ஜ் போட்ட வரிசைல, நேரத்துக்குள்ள முடிக்கணும். லீஷ் கிடையாது, கைல ட்ரீட் கிடையாது, நாய தொடவும் கூடாது. அன்னிக்கு கோர்ஸ் எப்படின்னு நீங்க மட்டும் முன்னாடியே நடந்து பாத்துக்கலாம், நாய்க்கு ஒண்ணும் தெரியாது, உங்க தோள் எந்தப் பக்கம் திரும்புது, கால் எங்க போகுதுன்னு பாத்துதான் அது அடுத்த தடைய கண்டுபிடிச்சு ஓடும். இது முதல் தடவ சரியா அமையுறப்போ வர்ற சந்தோஷத்துக்காகவே வருஷக்கணக்கா இதுல இருக்கறவங்க உண்டு.

ஒபீடியன்ஸ் வெளிய இருந்து பாக்க அமைதியா இருக்கும். ஹீல் (உங்க கால் பக்கத்துலயே ஒட்டி நடக்குறது), ரீகால் (கூப்பிட்டா வர்றது), ஸ்டே (சொன்ன இடத்துல அசையாம இருக்குறது), டம்பெல் எடுத்துட்டு வர்றது. ஆனா மேல் கிளாஸ்ல சென்ட் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு பாருங்க, ஒரே மாதிரி துணிங்க வரிசையா கெடக்கும், அதுல சரியான வாசனை உள்ளத மட்டும் நாய் மோந்து எடுத்துட்டு வரணும். பிரிட்டிஷ் முறைல ஏ கிளாஸ்ல உங்க வாசனை, சி கிளாஸ்ல ஜட்ஜோட வாசனை.

முதல்ல நாய் இல்லாம ஒரு ஷோவுக்கு போங்க. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவோட தலைமை ஆபீஸே சென்னைலதான் இருக்கு, சில ஷோக்கள்ல ஒபீடியன்ஸ் டெஸ்டும் வைப்பாங்க. ரிங்க மட்டும் பாக்காதீங்க, வெளிய வார்ம்-அப் பண்ற இடத்துல போய் நில்லுங்க. நாய் தப்பு பண்ணா யார் முகம் மாறுது, யார் சிரிச்சுட்டு மறுபடி முயற்சி பண்றாங்கன்னு கவனிங்க. ரெண்டாவது ஆள்கிட்டதான் கத்துக்கணும். கழுத்துல சங்கிலி போட்டு இழுத்து சொல்லித்தர்ற ட்ரெய்னர் எவ்ளோ கப் வாங்கியிருந்தாலும் வேண்டாம்.

அப்புறம் வீட்லயே சோதிச்சு பாருங்க. வேகவச்ச சிக்கன பொடிப்பொடியா நறுக்கி வச்சுக்கோங்க, ஒரு கயிறு பொம்மை, ஒரு பந்து. எதுக்கு அது கண்ணு பளிச்சுன்னு ஆகுதோ அதுதான் இனிமே சம்பளம். ஒரு தடவைக்கு மூணு நாலு நிமிஷம் போதும், இன்னும் வேணும்னு அது கேக்குறப்பவே நிறுத்திடுங்க.

சிப்பிப்பாறை, கன்னி வளர்க்குறவங்களுக்கு தனியா சொல்லணும். அதுங்க முயல பாத்து தானா முடிவெடுத்து ஓடுறதுக்குன்னே வளர்ந்த இனம், அதனால ஒரே விஷயத்த பத்து தடவ செய்யச் சொன்னா திரும்பிப் பாக்காம போயிடும், மந்தம்னு நெனச்சுடாதீங்க. ரெண்டு தடவ சரியா செஞ்சா முடிச்சுட்டு, துணிய கயித்துல கட்டி தரைல இழுத்து துரத்த விடுங்க, அந்த துரத்தலுக்காக அது எதையும் கத்துக்கும். தெரு நாய தத்தெடுத்தவங்களும் தயங்க வேண்டாம், அதுங்க கூர்மையான நாய்ங்க.

சாமானுக்கு காசு கொட்ட வேணாம். பிவிசி பைப்ல ஜம்ப் பண்ணிடலாம், குறுக்கு பைப் மட்டும் பட்டதும் விழுற மாதிரி சும்மா வைக்கணும், கட்டக்கூடாது. வீவுக்கு 60 செ.மீ. இடைவெளில 12 கம்பு நடுங்க, முதல் கம்பு எப்பவும் நாயோட இடது பக்கம் வரணும். ஆரம்பத்துல ரெண்டு வரிசையா பிரிச்சு வச்சு நடுவுல நேரா ஓடவிட்டு, நாள் போகப் போக கம்புங்கள நெருக்கிட்டே வாங்க. ஏ-ஃப்ரேம்ல இறங்குறப்போ கீழ கலர் அடிச்ச பகுதில கால் படணும், அதுக்கு தரைல ஒரு பலகை போட்டு பின்னங்கால் ரெண்டும் பலகைல, முன்னங்கால் தரைலன்னு நிக்க பழக்குங்க.

குட்டிய மட்டும் உயரமா குதிக்க விடாதீங்க. எலும்பு வளர்ச்சி முடியுற வரைக்கும் ஜம்ப்போட குறுக்கு கம்பிய தரைலயே வைங்க, எஃப்சிஐ (சர்வதேச நாய் அமைப்பு) அஜிலிட்டி போட்டிலயே 18 மாசம் ஆகாத நாய சேர்க்க மாட்டாங்க. வெயிட் ஏறுன நாய்னா டாக்டர்கிட்ட இடுப்பு மூட்ட காட்டிட்டு ஆரம்பிங்க. நம்ம வெயிலுக்கு விடியக்காலைதான் சரி, பொறங்கைய தரைல வச்சு சூடு தாங்க முடியலன்னா அன்னிக்கு லீவு.

முதல் போட்டில கீழ் கிளாஸ்ல பேர் குடுங்க. அஜிலிட்டில கம்பி விழுந்தா 5 ஃபால்ட் (தப்புக்கான புள்ளி), மூணு தடவ தடைய மறுத்தா வெளியேத்திடுவாங்க, அதெல்லாம் நடக்கும். நாய் நடுவுல மோந்துக்கிட்டே எங்கயாச்சும் போனா கத்தாதீங்க, கூப்பிட்டு ஒரு சுலபமான ஜம்ப் செய்ய வச்சு, பாராட்டி, வெளிய கூட்டிட்டு வந்து தண்ணி காட்டுங்க.