டவுட் கேட்காத வகுப்பு: அன்பான ஆசிரியர்களும் செய்யும் தவறுகள்

"எங்க கிளாஸ்ல யாரும் டவுட்டே கேட்கிறதில்லை" என்று குறைப்படும் ஆசிரியர்கள் பலரும் கோபக்காரர்கள் அல்ல. மாணவர் வாய் திறப்பதற்குச் சற்று முன்னும் பின்னும் அவர்கள் செய்வதில்தான் சிக்கல்.

முதலாவது, "புரிஞ்சுதா?" என்ற கேள்வி. வகுப்பே "புரிஞ்சுது சார்" என்று ராகம் போடும். அதற்குப் பிறகு ஒருவன் கை தூக்கினால், தனக்கு மட்டும் ஏறவில்லை என்று அவனே அறிவித்த மாதிரி. "எந்த வரியில இடிக்குது?" என்று கேளுங்கள். அதற்கும் தயங்கினால், துண்டுத்தாளில் பெயர் போடாமல் எழுதி வாங்குங்கள்.

அடுத்தது அவசரம். 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடிதான். படிப்பில் பின்தங்கியவர்களுக்கு இன்னும் குறைவு. 3 நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். மனதுக்குள் மூன்று வரை எண்ணினால் போதும். (முதல் நாள் அந்த மௌனம் உங்களைத்தான் நெளிய வைக்கும்.)

அன்பே தவறாகும் இடமும் உண்டு. "பரவாயில்ல விடு, உனக்குக் கணக்கு கஷ்டம்தான்" என்பது ஆறுதல் போலத் தெரியும். ஆனால் தோற்ற பிள்ளைக்கு ஆசிரியர் இரக்கம் காட்டும்போது, தனக்குத் திறமை இல்லை என்று அது முடிவுகட்டுவதை அமெரிக்க உளவியலாளர் சாண்ட்ரா கிரஹாமின் 1984 ஆய்வு காட்டியது. கேட்காமலே ஓடிப்போய் விடை சொல்லித்தருவதும் இதே ரகம். "ரெண்டாவது வரி வரைக்கும் சரி. மைனஸை அந்தப் பக்கம் கொண்டுபோனப்ப என்ன ஆச்சு, பாரு" என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுங்கள். எவ்வளவு சரி என்பதும் தெரிந்தது, மீதியை அவனால் முடியும் என்று நீங்கள் நம்புவதும் தெரிந்தது.

"எப்ப வேணும்னாலும் வந்து கேளு" என்றால் யாரும் வரமாட்டார்கள். ஆசிரியர் அறை வாசலில் நான்கு பேர் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தே திரும்பிவிடுவார்கள். "மதிய இடைவேளையில கடைசி 10 நிமிஷம் இந்த வகுப்புலதான் இருப்பேன்" என்று சொல்லி, அப்படியே இருங்கள்.

பிடித்த பிள்ளைக்குச் சலுகை வேண்டாம். பிள்ளைகள் கணக்கு வைத்திருப்பார்கள்.

கேலியும் அப்படித்தான். "இப்பத்தானே சொன்னேன், தூங்கினியா?" என்பது ஒருவனுக்குச் சொன்னது, அடுத்து கேட்க நினைத்தவர்களும் அதோடு கையை இறக்கிவிடுவார்கள். வாய் தவறி வந்துவிட்டால், தனியே கூப்பிட்டுச் சமாதானம் சொல்வது போதாது. அதே வகுப்பில், எல்லோர் காதிலும் விழ, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, உன் கேள்வி நியாயமானதுதான்" என்று சொல்லி, அந்தக் கேள்விக்கே பதில் தொடங்குங்கள்.